பரிசல் ஓசி, துடுப்புக்கு வாடகை

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. ஏன் மூஞ்சி தொங்கிப் போச்சு? லண்டனுக்கு ஓசி டிக்கெட்டுன்னு போன வாரம் தெருவெல்லாம் தண்டோராப் போட்டுட்டுத் திரிஞ்சியே, என்னாச்சு?

இருவத்தாறாயிரம் கட்டச் சொல்றானா? எதுக்காமா? டேக்ஸும் பீஸுமாமா? அட சாமி. ஓசியே இந்த வெலைன்னா காசுக்கு வாங்கினா எவ்வளவு இருக்கும்? நாப்பத்தெட்டாயிரமா? செரி, செரி. மோரைக் குடி மொதல்ல.

மைலு சேத்து வாங்கற டிக்கெட்டுங்கறே நீ. ரோட்டோரத்து மைல்கல்லைப் புடுங்கிப் போட்டுட்டு கிலோமீட்டர் கல்லு நட்டதைக் கண்ணால பாத்தவன் நான். மைலு அன்னிக்கே செத்துப்போச்சுன்னு நெனச்சிருந்தேன். அது உன்ற போனுக்குள்ள குடியிருக்குதுன்னு இப்பத்தான் தெரியுது. 1981ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ்காரன் பெருசா ஆரம்பிச்சு வெச்ச சோலி இது. பறந்தா மைலு. அப்பறம் பறக்காட்டியும் மைலு: பெட்ரோலு போட்டா மைலு, பருப்பு வாங்கினா மைலு. பருப்பு வாங்கினதுக்கு ஏரோபிளேன்காரன் எதுக்குச் சந்தோசப்படறான்னு ஒரு நாளாச்சும் ரோசனை பண்ணினியா?

இப்ப நம்ம காவேரியை எடுத்துக்கோ. இக்கட்ட கொமாரபாளையம், அக்கட்ட பவானி. பரிசக்காரன் ஒருத்தன் கூப்புடறான். "அண்ணா, பத்துத் தடவை வந்துட்டீங்க, இந்த நடை ஓசி, ஏறுங்க." நீயும் பல்லைக் காட்டிட்டு ஏறிக்கிறே. நட்டாத்துல நிறுத்திக் கையை நீட்டறான். "பரிசல் ஓசிதானுங்க. துடுப்புக்கு மட்டும் வாடகை." துடுப்பில்லாத பரிசலை வெச்சுக்கிட்டு நீ என்ன துணியா தொவைப்பே?

உன்ற சீட்டுல அந்தத் துடுப்பு எதுன்னு பாரு. ஒய்.க்யூ., ஒய்.ஆர்.ன்னு ரெண்டு எழுத்து போட்டிருப்பான். எண்ணெய் வெலை ஏறிப்போச்சாம், அதுக்கு மேல்கட்டணமாம். எண்ணெய் ஊத்தாம ஏரோபிளேன் பறக்குமா? அது டிக்கெட்டு வெலைக்குள்ள இருக்க வேண்டிய காசு. அதை உருவி வெளிய எடுத்து, வரிக்குப் பக்கத்துல உக்கார வெச்சுட்டான். வரிக்குப் பக்கத்துல உக்காந்ததெல்லாம் வரியா? மாப்பிள்ளைக்குப் பக்கத்துல உக்காந்தவனெல்லாம் மாப்பிள்ளையா?

2004ல பிரிட்டிஷ் ஏர்வேஸ் இந்த மேல்கட்டணத்தை ஆரம்பிச்சப்ப ஒரு நடைக்கு ரெண்டரைப் பவுண்டு. 2006 தொடக்கத்துல தூரதேசம் போயி வர்ற டிக்கெட்டுக்கு 60 பவுண்டு! எப்படிடா இப்படி ஏறுச்சுன்னு நோண்டிப் பாத்தா, அவனும் வர்ஜின் அட்லாண்டிக்கும் உள்ளுக்குள்ள பேசி வெச்சுக்கிட்டு ஏத்தியிருக்காங்க. 2007ல அமெரிக்கா சர்க்காரு, சரக்குக் கட்டணத்துல பண்ணினதையும் சேத்து, 30 கோடி டாலர் அபராதம் போட்டுது. வர்ஜின்காரன் தானாப் போயிச் சொல்லிட்டதால தப்பிச்சுக்கிட்டான். கூட்டுக் களவுல மொதல்ல வாயத் தொறந்தவன் பொழைச்சுக்குவான், அது எல்லா ஊருலயும் உள்ளதுதான்.

வெள்ளக்காரன் கதைன்னு சிரிக்காத. நம்மூருலயும் நடந்துச்சு, ஆளுக்கல்ல, சரக்குக்கு. சரக்கு மேல போட்ட எண்ணெய்க் கட்டணத்தைச் சொல்லி வெச்சாப்பல ஏத்தினாங்கன்னு, ஜெட் ஏர்வேஸ், இண்டிகோ, ஸ்பைஸ்ஜெட் மூணு பேருக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2015ல 257 கோடிக்கு மேல அபராதம் போட்டுது. அப்பீலுக்குப் போனாங்க, மறுக்கா விசாரிச்சாங்க, 2018ல அது 54 கோடிச் சொச்சமாச்சு. எண்ணெய் வெலை எறங்கினப்ப இவங்க கட்டணம் எறங்கலைங்கறதுதான் அங்க முக்கியமான பேச்சு. சாயப்பட்டறைக்காரன் வெறகு வெலை ஏறிப்போச்சுன்னு கூலிய ஏத்தினதைப் பாத்திருக்கேன். வெறகு எறங்கிப்போச்சு, இந்தாங்க மிச்சம்னு கதவைத் தட்டினவனை நான் பாத்ததில்ல. 2014 கடைசியில கச்சா எண்ணெய் பாதி வெலைக்கு வந்தப்ப சில கம்பெனிக்காரங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? பேரை மாத்திட்டாங்க. "நிறுவனம் விதிக்கும் கட்டணம்." எண்ணெய்ங்கற வார்த்தை போச்சு, காசு அப்படியே நின்னுச்சு.

நெசமான வரியும் இருக்குது, இல்லைங்கல. இங்க பாதுகாப்புக் கட்டணம், விமான நிலையத்துக்காரனோட கட்டணம். லண்டன்ல இருந்து கெளம்பறதுக்குத் தனியா ஒண்ணு. 1994ல தூரதேசத்துக்கு 10 பவுண்டுல ஆரம்பிச்சாங்க. 2025 ஏப்ரல்ல இந்தியா வர்றதுக்குச் சாதா வகுப்புல 90 பவுண்டு. அதாவது உன்ற ஊட்டுக்கு நீ திரும்பி வர அவனுக்குப் பத்தாயிரம் ரூவா! பதினாறு வயசுக்குள்ள இருக்கற கொழந்தைக்குச் சாதா வகுப்புல அது கெடையாது. உனக்கு மீசை மொளைச்சுது தப்பு.

எது சர்க்காரு காசு, எது கம்பெனி காசுன்னு பிரிக்க ஒரு வழி சொல்றேன், கேட்டுக்கோ. போகாம நின்னுட்டா எது திரும்பி வரும்னு கேளு. நம்ம நாட்டு விமானத்துறை விதிப்படி, நீ ரத்து பண்ணினாலும் சரி, ஏறாம உட்டாலும் சரி, சர்க்காரு வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் கம்பெனி திருப்பிக் குடுத்தாகணும். தள்ளுபடி டிக்கெட்டுக்கும் அதேதான். அந்த ஒய்.க்யூ.வைக் கேட்டுப் பாரு, "அது வேறைங்க சார்"ம்பான். புக்கு பண்றப்ப ஒரே பாய்ல படுத்திருந்தாங்க, இப்ப வேறயாமா?

செரி, கணக்குக்கு வா. தறிக்காரன் கணக்கு, பென்சில் வேண்டாம். காசு டிக்கெட்டு 48,000. ஓசி டிக்கெட்டுக்கு 26,000. மிச்சம் 22,000. அதுக்கு எத்தனை மைலு கேக்கறான்? நாப்பதாயிரமா? மைலுக்கு அம்பத்தஞ்சு காசு. அதைச் சேக்க கிரெடிட் அட்டையில எவ்வளவு தேய்ச்சே? நூறு ரூவாய்க்கு ரெண்டு மைலுன்னா இருவது லட்சம்! இருவது லட்சம் செலவு பண்ணி இருவத்திரண்டாயிரம். நூத்துக்கு ஒரு ரூவா பத்துக் காசு. நூல் கடையில ரொக்கத்தை வெச்சா டீயும் வாங்கிக் குடுத்து இதுக்கு மேல தள்ளிக் குடுப்பான்டா.

தானங் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதுதான். கவுத்துக்குக் காசு, லாடத்துக்குக் காசு, சந்தைச் சுங்கமும் உன்ற தலையிலன்னா பல்லென்ன, வாலைத் தூக்கியும் பாரு. அதுக்காக மைலைப் பூட்டியும் வெக்காத. உங்க அப்பத்தா அரிசிப் பானைக்குள்ள சேத்து வெச்ச ஐநூறு ரூவா நோட்டு 2016ல என்னாச்சு? மைலுக்கு வெலை வெக்கறது அவன், கெடு வெக்கறதும் அவன். லண்டனுக்குக் காசைக் கட்டிட்டுப் போ. துடுப்பு வாடகை கம்மியா இருக்கற பக்கம் பாத்து மைலைச் செலவு பண்ணு.

என்னைய எதுக்கு மொறைக்கறே? எனக்கும் அட்டை இருக்குதான்னா கேக்கறே? இருக்குது. மளிகைக் கடைக்காரன் குடுத்தான். ரெண்டு வருசம் சேத்தி, போன நோம்பிக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா ஓசியா வந்துச்சு. பில்லு போடற புள்ள, "தாத்தா, பைக்கு ஏழு ரூவா"ன்னுச்சு.

தோள்ல கெடந்த துண்டை உருவினேன், டப்பாவைக் கட்டினேன், நடையைக் கட்டினேன். நம்மூருத் தறியில ஓட்டுன துண்டு கண்ணு, இன்னும் சாயம் போகல.