மோர்ஓவர் போடுவது எப்படி?

மேடவாக்கம் கூட்ரோட்டில் நின்று வேளச்சேரிப் பக்கமோ தாம்பரம் பக்கமோ சோழிங்கநல்லூர்ப் பக்கமோ எப்படித் திரும்பினாலும், ஆங்கிலம் பேசக் கற்றுத்தருகிறோம் என்று ஒரு பலகை உங்களைப் பிடித்துவிடும். பேசுவதற்கு ஆள் இருக்கிறது. எழுதுவதற்குத்தான் ஆதரவில்லை. எனவே இந்த வழிகாட்டி. பரீட்சை எழுதும் பிள்ளைகள், கனடாவுக்கு ஐஇஎல்டிஎஸ் எழுதுபவர்கள், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கச் செயலாளர்கள் ஆகியோருக்குப் பயன்படும். கடைசியில் சொன்னவர்களுக்குத்தான் அவசரம்.

முதல் வேலையாக ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தை வாங்குங்கள். திறந்தே ஆகவேண்டும் என்றில்லை. வீடியோ மீட்டிங்கில் முதுகுக்குப் பின்னால் தெரிகிற மாதிரி அலமாரியில் வைத்தாலே பாதி இலக்கணம் வந்துவிடும். யாராவது அதைப் பற்றிக் கேட்டுத் தொலைத்தால், பேச்சைத் திருப்ப ஒரு தகவல்: அந்த பி.சி. ரென்தான் 1924-ல் ‘பியூ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலையும் எழுதியவர். சகோதரர்கள் வீட்டைவிட்டு ஓடி பிரெஞ்சு அந்நியப் படையில் சேரும் கதை. இலக்கணம் சொல்லிக்கொடுத்தவருக்கே எங்காவது ஓடிவிடலாம் என்று தோன்றியிருக்கிறது பாருங்கள்.

அடுத்து, பள்ளிக்கூட முதலீட்டை வீணாக்காதீர்கள். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று லீவ் லெட்டர் எழுதாமல் நம்மில் யாரும் வளரவில்லை. அந்த ‘ஆஸ்’தான் நமக்கு வாய்த்த முதல் இணைப்புச் சொல், காய்ச்சல் இல்லாதபோதும் கைகொடுத்தது. பிறகு சிம்பிள், காம்ப்ளெக்ஸ், காம்பவுண்ட் என்று மாற்றி எழுதச் சொன்னார்கள். ‘இன் ஸ்பைட் ஆஃப்’ வந்தால் சிம்பிள், ‘தோ’ வந்தால் காம்ப்ளெக்ஸ், ‘பட்’ வந்தால் காம்பவுண்ட். மனப்பாடம் செய்தோம், மார்க் வாங்கினோம். இன்று எழுத உட்கார்ந்தால் ‘தோ’வும் ‘பட்’டும் ஒரே வாக்கியத்தில் கைகோத்து வருகின்றன. ‘மழை பெய்தாலும் ஆனால் ஏரி நிரம்பவில்லை’ என்று தமிழில் எவராவது எழுதினால் சிரிப்போம். ஆங்கிலத்தில் மட்டும் ஒன்று பஞ்சரானால் இன்னொன்று இருக்கட்டும் என்று ஸ்டெப்னி கட்டிக்கொண்டு போகிறோம்.

இப்போது முக்கியமான பாடம். கற்பனைச் செயலாளர் ஒருவர் வாட்ஸப் குழுவில் போடுகிறார்: ‘டியர் ரெசிடென்ட்ஸ், மோட்டார் இஸ் ரிப்பேர், மோர்ஓவர் வாட்டர் வில் நாட் கம், ஹவ்எவர் லாரி இஸ் புக்டு, ஹென்ஸ் ஈச் ஃபிளாட் பே 200 ருபீஸ், ஃபர்தர்மோர் கைண்ட்லி கோஆப்பரேட்.’

கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் மோட்டார் ஓடாததால்தானே தண்ணீர் வராது? நடுவில் ‘மோர்ஓவர்’ விழுந்ததும் ஒரு துன்பம் இரண்டாகிவிட்டது: மோட்டாரும் போச்சு, போதாக்குறைக்குத் தண்ணீரும் வராது. ‘மோட்டார் சரி சார், தண்ணிக்கு என்ன ஆச்சு?’ என்று இரண்டாம் மாடிக்காரர் கேட்டால் அவர்மேல் தப்பில்லை. ‘ஹவ்எவர்’ பார்க்கத்தான் ‘பட்’டுக்கு அண்ணன் மாதிரி, இரண்டு முழு வாக்கியங்களை ஒட்டும் பசை அதில் கிடையாது. அதற்கு முன்னால் காற்புள்ளி போதாது, முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். ‘ஃபர்தர்மோர்’ எதற்கு வந்தது என்று அதற்கே தெரியாது. அதே அரைப்புள்ளி ‘ஹென்ஸ்’க்கும் வேண்டும் என்றாலும், பொருளில் இடம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. காசு கேட்கும் இடத்தில் காரண காரியம் யாருக்கும் தப்புவதில்லை.

கனடாக்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வின் இரண்டாவது கேள்விக்குக் குறைந்தது 250 சொற்கள் எழுதவேண்டும். ஒதுக்கச் சொல்லும் நேரம் 40 நிமிடம். மதிப்பெண்ணில் கால் பங்கு கோர்வைக்கு. அதற்காகவே இணைப்புச் சொற்களைப் பட்டியல் போட்டு உருப்போடுகிறார்கள். ஆனால் தேர்வு நடத்துபவர்களே வெளியிட்டிருக்கும் அளவுகோலைப் படித்தால் நெஞ்சு அடைக்கும். இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிப் போட்டால் அது ஐந்தாம் பேண்டின் அடையாளம். இயந்திரத்தனமாகப் போட்டால் ஆறு. ஒன்பது வேண்டுமென்றால் கோத்திருப்பது வாசிப்பவர் கண்ணில் மிக அரிதாகத்தான் படவேண்டும். ராத்திரி பகலாக மனப்பாடம் செய்தது கடைசியில் தெரியக்கூடாதாம்! என்ன அநியாயம் இது.

இதில் வெள்ளைக்காரனைக் குறை சொல்லவும் வழியில்லை. இணைப்புச் சொற்களும் அடங்கும் இடைச்சொல் பெயரோடும் வினையோடும் சேர்ந்துதான் நடக்கும், தனியாக நடக்கும் இயல்பு அதற்கில்லை என்று தொல்காப்பியர் இடையியலில் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். அப்போது மேடவாக்கத்தில் சங்கம் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நன்றாக எழுதியே தீருவேன் என்பவர்கள் இப்படிச் செய்து பார்க்கலாம். முதலில் இணைப்புச் சொல் எதுவும் இல்லாமல், சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள். வாய்விட்டுப் படியுங்கள். ‘ஏன்?’ என்று கேட்கத் தோன்றும் இடத்தில் ‘பிகாஸ்’, ‘அதனால் என்ன?’ என்று தோன்றினால் ‘ஸோ’, முரண் இருந்தால் ‘பட்’. ஒன்றும் தோன்றாத இடத்தில் ஒன்றும் வேண்டாம். செயலாளர் அறிவிப்பு அப்போது இப்படி ஆகும்: ‘தி மோட்டார் இஸ் நாட் ஒர்க்கிங், ஸோ தேர் வில் பி நோ வாட்டர் டில் ஈவ்னிங். வீ ஹேவ் புக்டு எ லாரி. ப்ளீஸ் பே 200 ருபீஸ் பெர் ஃபிளாட்.’ இருக்கும் இணைப்புச் சொல் ‘ஸோ’ ஒன்றுதான். அது வேலை செய்கிறது.

செயலாளர் சார், இதை அப்படியே எடுத்துக் குழுவில் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே லாரிக்காரர் கொடுத்த பில்லையும் போட்டோ எடுத்துப் போட்டுவிடுங்கள், இரண்டாம் மாடிக்காரர் அடுத்து அதைத்தான் கேட்பார்.