கட்டிங் விகிதம்: வடசென்னைச் சுவையியலில் ஒரு முன்னாய்வு

ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கியில் புகையும் கடல் உப்பும் ஆஸ்பத்திரி டிஞ்சரும் ஒருசேர மணக்க வேண்டும் என்பது மேலைநாட்டு ரசனையாளர்களின் துணிபு. இதற்காக அத்தீவார் பீட் எனும் சதுப்பு மண்கட்டியை எரித்துப் பார்லிக்குப் புகைபோட்டு, வடித்ததை ஓக் பீப்பாயில் பத்தாண்டு அடைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். பாவம். காசிமேட்டில் ஒரு பிளாஸ்டிக் டம்ளரைக் (2019 முதல் தடை; ஆய்வுக்கு எப்படியோ கிடைத்தது) கால் மணி நேரம் திறந்து வைத்தால் உப்பு, டீசல், கருவாடு மூன்றும் தாமே வந்து இறங்கும். எண்ணூர்ப் பக்கம் என்றால் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்த்தி, கட்டணமில்லை.

இங்கே ஒரு தடை எழுப்புவர். தானியத்தில் வடித்தால்தான் விஸ்கி. உங்கள் டாஸ்மாக் விஸ்கியில் பெரும்பாலானவை கரும்பாலைக் கழிவுப்பாகில் பிறந்தவை. ஐரோப்பியச் சட்டப்படி அது விஸ்கியே அல்ல என்பர். விடை திருவொற்றியூரிலேயே இருக்கிறது. கையில் பேய்க்கரும்போடு ஊர் ஊராக அலைந்த பட்டினத்தாருக்கு அது இனித்த இடம் இவ்வூர். அவர் சமாதியும் இங்கே கடலோரம்தான். கசந்த கரும்பே இனித்த மண்ணில் கழிவுப்பாகு விஸ்கியானதா என்று கேட்பது சின்னப்புத்தி. அதே ஊரில் மகிழமரத்தடியில் சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறித்தான் சுந்தரர் கண்ணிழந்தார். ஆகவே ‘இனிமேல் தொடமாட்டேன்’ என்பாருக்கும் மறுவாரம் தொடுவாருக்கும் இத்தலத்தில் புராண ஆதாரமே உண்டு.

அடுத்து, லேபிளில் உள்ள 42.8 விழுக்காடு. 40 இல்லை, 43 இல்லை. அதென்ன புள்ளி எட்டு? பழைய பிரிட்டிஷ் கணக்கில், வெடிமருந்தில் ஊற்றியபின்னும் அது பற்றினால் சரக்கு ‘புரூஃப்’, அதாவது சுமார் 57 விழுக்காடு. அதில் முக்கால்பங்கு, 75 டிகிரி, கணக்கிட்டால் வருவது 42.8. பிரிட்டன்காரர்கள் 1980இல் இந்த அளவையைக் கைகழுவிவிட்டார்கள். இராயபுரத்துக் குவார்ட்டரில் அது இன்னும் கப்பல் ஏறாமல் நிற்கிறது.

இனி மையக் கோட்பாடு. பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஆவியாகிப் போவதை ஸ்காட்லாந்தில் தேவதைகளின் பங்கு என்பார்கள். அங்கே குளிர், பங்கு சுமார் 2 விழுக்காடு. அம்ருத் சிங்கிள் மால்ட் முதிரும் பெங்களூரில் அது 10க்கும் மேல். வெயில் ஏற ஏறத் தேவதைகளுக்குத் தாகம் ஏறுகிறது என்று நிறுவலாம். வடசென்னையில் 180 மில்லியை இருவர் பிரிக்கும் ‘கட்டிங்’ முறையில் பங்கு ஒரே நிமிடத்தில் 50 விழுக்காட்டைத் தொட்டுவிடுகிறது. தேவதையும் கண்ணுக்குத் தெரிகிறது: பெரும்பாலும் லுங்கி, துறைமுக ஷிஃப்ட் முடித்த முகம், ‘அண்ணே, தொண்ணூறு சரியா ஊத்து’ என்ற குரல். உலகில் வேறெங்கும் அளவுக் குவளை இல்லாமல் இவ்வளவு துல்லியம் காணப்படுவதில்லை என்று தயங்காமல் எழுதலாம்.

சோடாக் கட்சி, வாட்டர் பாக்கெட் கட்சி, ‘ராவா’ கட்சி ஆகியவற்றின் பூசலுக்குள் இவ்வாய்வு போகாது. மூன்றுக்கும் கல்லீரல் ஒன்றே. பிராண்ட் விசுவாசம் பற்றியும் பேச அதிகமில்லை. கேட்டது இல்லையென்றால் இருப்பதை வாங்குவதே இங்கு மரபு. நாக்கு உண்மையில் தீர்ப்புச் சொல்வது தொட்டுக்கொள்வதைப் பற்றித்தான். நெத்திலி வறுவல் நமுத்துப்போனால் எந்தச் சரக்கும் மட்டம். மொறுமொறுப்பாக இருந்தால் எதுவும் பன்னிரண்டாண்டு முதிர்ந்தது.

கள ஆய்வுக்கு வர விரும்புவோர் கவனத்துக்கு: கடை பகல் 12 மணிக்குத் திறக்கும், இரவு 10க்கு மூடும். தனியாக வந்தாலும் கவலையில்லை. வாசலில் நின்று ‘கட்டிங்?’ என்று கேளுங்கள். இணை ஆய்வாளர் உடனே கிடைப்பார்.