சிவப்பு மூடிப் போத்தலின் பரிவிருத்தி

தீபாவளிக்கு விருந்தினரை வீட்டுக்கு அழைத்து உபசரிக்கும்போது சுற்றுப்புறத்துக்கு உண்டாகும் ஹானியை எவ்வாறு குறைப்பது என்னும் விஷயம், சிங்கப்பூர்த் தேக்கா வட்டாரத்தில் ஆண்டுதோறும் ஐப்பசி பிறந்தவுடன் சகலராலும் பிரஸ்தாபிக்கப்பட்டு, கேம்பல் லேனில் போட்ட பண்டிகைக் கடைகளைப் பிரித்தெடுத்த மறுநாளே சகலராலும் மறக்கப்பட்டு வருகிறதாகலின், அதனைச் சற்றும் அவசரமின்றி, பூர்வபட்சம் கூறிச் சித்தாந்தம் நிறுவும் சாஸ்திர முறையிலே விசாரித்துப் பார்ப்பது உசிதம் என்று தோன்றியது. இத்துறையில் எமக்கு முன் நூல் செய்தார் எவரும் இலர். ஆயினும் அவர்களை மறுப்பதற்கு நாம் பின்வாங்கப் போவதில்லை.

புகையைப் பற்றிய வாதத்தை முதலிலேயே தள்ளிவிடலாம். 1972-ல் சட்டம் இயற்றி வெடிகளுக்குத் தடை விதித்துவிட்டபடியால், அரை நூற்றாண்டுக்கு மேலாக இங்கே தீபாவளி சத்தமில்லாமல்தான் விடிகிறது. சட்டத்துக்கு அஞ்சி ஈட்டிய புண்ணியத்தை நம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாமா என்பதை நீதிசாஸ்திரம் கற்றவர்கள் தீர்மானிக்கட்டும்.

அடுத்து எதிர்ப்படுவது வாழையிலைக் கட்சி. 'இலையிலே பரிமாறினால் தோஷமே இல்லை. அது மண்ணிலே பிறந்து மண்ணிலே கலப்பது' என்பது இக்கட்சியாரின் மூல மந்திரம். கிராமத்தில் இது பிரத்தியட்சம். எறிந்த இலை தரையைத் தொடுமுன் மாடு வந்துவிடும். ஆனால் எருமைத் தொழுவத்தை வைத்துக் கண்டாங் கெர்பாவ் என்று மலாயில் பெயர் பெற்ற இவ்வட்டாரத்தில், இன்றைக்கு பஃபலோ ரோடு என்ற பெயர்ப்பலகை இருக்கிறதேயன்றி இலையைத் தின்ன ஓர் எருமை இல்லை. ஆகையினால் தேக்காச் சந்தையில் வாங்கிய இலையானது, விருந்து முடிந்து, சம்பிரதாயம் வழுவாமல் தன் பக்கமாக மடிக்கப்பட்டு, பிளாஸ்டிக் பையொன்றில் திணிக்கப்பட்டு, பையின் காதுகள் முடிச்சிடப்பட்டு, வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியின் குப்பைக் குழாய் வழியே ஒன்பது மாடி இறங்கி, லாரியேறி, எரியுலையில் வெந்து, பருமனில் பத்தில் ஒரு பங்காகக் குறுகி, தோணியிலே செமாகாவ் தீவுக்குச் சாம்பலாகப் போய்ச் சேருகிறது. 1999 முதல் இந்நாட்டின் சாம்பல் அத்தனையையும் ஏற்றுவரும் அந்தத் தீவுக் கிடங்கு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அதிகாரிகளின் மதிப்பீடு. மக்கும் தட்டு என்று விலை கூட்டி விற்கப்படும் பண்டத்துக்கும் இதே கதிதான். மக்கும் சக்தி அதற்கு உண்டு, மக்குவதற்குரிய அவகாசத்தைத்தான் உலை கொடுப்பதில்லை. நிற்க, இலையை நாம் கைவிடுவதாக எவரும் கருத வேண்டா. ருசி வேறு, தத்துவம் வேறு.

இலையோடு உடன்கட்டை ஏறும் அந்தப் பைதான் நம் விசாரணைக்கு உரிய பொருள். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு வசூலிக்க வேண்டும் என்று விதி வந்தபின், சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் 'பைகளின் பை' முன்னைப்போல் கொழுத்திருக்கவில்லையாயினும், அவ்விதி காய்கறிக் கடைகளையும் மீன் கடைகளையும் கட்டுப்படுத்தாமையால், தேக்காப் பைகளைக் கொண்டு அது உயிர் தரித்து வருகிறது. மனிதர் ஏன் பையை இவ்வளவு விரும்புகிறார்கள்? சௌகரியம் என்பார் பாமரர். உண்மைக் காரணம், விருந்து கலையும் நேரத்தில் வாசற்படியில் நிகழும் சம்பாஷணையில் வெளிப்படும்:

"போத்தலோட எடுத்துட்டுப் போங்கக்கா. பையில போட்டா முறுக்கு நமுத்துடும்."

"அப்புறம் போத்தலத் திருப்பிக் கொண்டாந்து குடுக்கணும்ல? ஒரு பையில போட்டுக் குடும்மா, போதும்."

ஆகவே பை என்பது கடன் விமோசனப் பத்திரம். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அத்தோடு கணக்குத் தீர்ந்தது. ஒரு கூடத்தில் எந்த அளவுக்குக் கடன்கள் ரத்தாகின்றனவோ அந்த அளவுக்குக் குப்பை உற்பத்தியாகிறது என்பது நாம் கண்ட முதல் சூத்திரம். பையின் இடத்தில் போத்தலை வையுங்கள். உடனே சூத்திரம் தலைகீழாகும்.

போத்தலின் லட்சணம் வருமாறு: உருளை வடிவம், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உடல், திருகிய சிவப்பு மூடி, மூடியும் உடலும் கூடுமிடத்தில் காற்றுப் புகாதபடி சுற்றிய ஒட்டுநாடா; அந்நாடாவின் நுனி எங்கே இருக்கிறதென்று நகத்தால் தேடியவாறே ஒரு குடும்பம் முழுவதும் கூடி நிற்பது தீபாவளிக் காட்சிகளுள் ஒன்று. உள்ளே அச்சு முறுக்கோ, நெய் உருண்டையோ, ஓமப்பொடியோ இருக்கலாம். உள்ளீடு நான்கு நாளில் தீர்ந்துவிடும், போத்தல் தீராது. பிறர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்னும் எழுதாச் சட்டம் அந்தக் கணத்திலேயே அமலுக்கு வருகிறது.

மாலினோவ்ஸ்கி என்னும் மானிடவியல் பண்டிதர், டிராப்ரியாண்ட் தீவினர் சிவப்புச் சிப்பி மாலைகளை ஒரு திசையிலும் வெண்சங்கு வளைகளை எதிர்த்திசையிலும் தீவுக்குத் தீவு சுற்றவிடும் வழக்கத்தைக் குறித்து 1922-ல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். அவை எவரிடமும் நிலையாகத் தங்குவதில்லை, கைமாறுவதற்கென்றே இருப்பவை. அத்தனை தூரம் கடல்மேல் போன மகானுபாவர், எங்கள் புளோக்கின் எட்டாம் மாடித் தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் செலவு எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். தீபாவளியன்று முறுக்கோடு எதிர்வீடு சேர்ந்த போத்தல், அந்தச் சீனக் குடும்பத்தில் மூன்று மாதம் வாசம் செய்து, சீனப் பெருநாளில் அன்னாசி டார்ட்டுடன் மீள்கிறது. இக்கதி ஏறத்தாழ ஒழுங்கானது. அவர்களும் நாமும் சந்திரனைப் பின்பற்றினாலும் சூரியனோடும் ஒரு சமாதானம் செய்துகொண்டவர்கள். பக்கத்து மலாய்க் குடும்பத்துக்குப் போன போத்தலின் கதியோ நுட்பமானது. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைந்திருப்பதால், நோன்புப் பெருநாள் வருஷா வருஷம் முன்னோக்கி நகர, போத்தல் திரும்பும் காலமும் அதனோடு மாறி, சுமார் 33 ஆண்டுகளில் ஒரு மகா பரிவிருத்தி பூர்த்தியாகிறது. 2005-ல் தீபாவளி நவம்பர் 1, நோன்புப் பெருநாள் நவம்பர் 3; அவ்வருஷம் முறுக்கை முழுக்கத் தின்று முடிப்பதற்குள் போத்தலில் பதில் பலகாரம் நிரப்ப வேண்டிய நெருக்கடி பல வீடுகளில் ஏற்பட்டிருக்க வேண்டும் என்பது எம் அநுமானம். அடுத்த சங்கமம் 2037, 2038 வாக்கில் வரும். செமாகாவ் நிரம்பிய பிறகு என்று பஞ்சாங்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.

'போத்தலும் பிளாஸ்டிக்தானே?' என்பது ஆட்சேபம். மறுக்கவில்லை. பிளாஸ்டிக் அழியாது என்பது கடலில் அதன் தோஷம். சுற்றி வரவேண்டிய பாத்திரத்துக்கு அதுவே யோக்கியதை. அடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிய எவர்சில்வர் டப்பா இதனினும் சிரேஷ்டமானது என்பதையும் ஒப்புகிறோம்; ஆனால் தாயார் சீதனமாகக் கொண்டுவந்த டப்பாவை உயரத்து அலமாரியிலிருந்து இறக்கி விருந்தாளி கையில் கொடுக்கும் தைரியம் எத்தனை பேருக்கு உண்டு?

இனிக் கூடத்திலேயே உண்ணும் தட்டைப் பற்றி. காகிதத் தட்டை ஒழித்து எவர்சில்வர் தட்டில் பரிமாறுக என்று உபதேசிப்போர் அனைவரும், முப்பது தட்டுகளையும் அத்தனை தம்ளர்களையும் இரவு பதினோரு மணிக்குக் கழுவுபவர் யார் என்ற வினாவை எழுப்பாமலே தம் பிரசங்கத்தை முடித்துவிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆடவர் என்பது தற்செயல் அன்று. காகிதத் தட்டை இந்நாட்டு இல்லங்களுக்குள் கொண்டுவந்தது சோம்பல் என்று சொல்வது அபவாதம். ஒரு பெண்ணின் முதுகுவலியே அதைக் கொண்டுவந்தது. ஆதலால் உபதேசம் செய்தவரே கழுவுக என்பது எம் தீர்ப்பு. மைத்துனர்கள் இருப்பின் துடைக்கும் பணி அவர்களுடையது.

அநுஷ்டானத்துக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். போத்தலில் பெயர் எழுதுவோர் மூடியின்மேல் மட்டும் எழுதுகிறார்கள். மூடியும் உடலும் வெவ்வேறு வீடுகளுக்குப் போய்விடுவது சகஜமாகையால், வீட்டு எண்ணை இரண்டிலும் எழுதுக. மை அழிந்துவிடும், நகப்பூச்சு நிற்கும்.