ஹேங் ஆதல்: தோற்றமும் வளர்ச்சியும்

1. ஆய்வு நோக்கம்

ஓடிக்கொண்டிருந்த கணினி சட்டென்று நின்றுபோவதை மக்கள் 'ஹேங் ஆயிடுச்சு' என்கிறார்கள். கலைச்சொல் அகராதியைப் பார்த்து 'முடங்கிற்று' என்று சொல்லிக்கொண்டே மவுஸைத் தட்டியவர் எவரும் களப்பணியில் கிடைத்திலர். ஆகவே வழக்கே கொள்ளப்பட்டது.

ஆய்வுக் களம்: எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே இருக்கும் கணினி. ரேம் 4 ஜிபி. ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி, சுழலும் வகை. கருதுகோள்: குற்றம் ரேமுடையது. இதை வழங்கியவர் தெருமுனை சர்வீஸ் கடைத் தம்பி. கணினியின் மூடியைக் கழற்றும் முன்பே "ரேம் பத்தாது சார்" என்றார்.

2. வகைப்பாடு

ஹேங் மூவகைப்படும்: சுற்றல், வெளிறல், உறைதல்.

சுற்றலாவது, அம்புக்குறி வட்டமாகிச் சுழல்வது. இந்நிலையில் பயனர் நம்பிக்கையோடு இருப்பார்.

வெளிறலாவது, ஒரு நிரல் 5 நொடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை வெளுக்கவைத்து, தலையில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதுவது. இதே அளவுகோலைப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் குடும்பத் தலைவர்களுக்குப் பொருத்தினால் ஒருவரும் தேறார்.

உறைதலாவது, மவுஸ் அசையாமை. நம்பர் லாக் பொத்தானைத் தட்டினால் அதன் விளக்கும் மாறாது. பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது ஒன்றே கதி.

3. பரிகாரங்கள்

முதலாவது ரெஃப்ரெஷ். டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து நாலைந்து முறை ரெஃப்ரெஷ் கொடுப்பது பரவலான வழக்கம். இதனால் ஐகான்கள் மறுபடி வரையப்படும். ரேமில் இடம் காலியாகாது. வேப்பிலை அடித்தவர் மனசுக்கு ஒரு தெம்பு, அவ்வளவே.

இரண்டாவது ரப்பர். ரேமைக் கழற்றி, அதன் பொன்முலாம் பூசிய பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, 'டக்' என்று திரும்பப் பொருத்துவது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளுதல் கூடாது. படிந்த அழுக்கு போனால் தொடர்பு சீராகும்; திரை வராமல் பீப் பீப் என்று கத்திய கணினிகள் பல இதனால் எழுந்ததுண்டு. ஆனால் எவ்வளவு தேய்த்தாலும் 4 ஜிபி 5 ஆகாது.

4. பந்தி விளக்கம்

ரேம் என்பது பந்தி. இடம் போதாவிட்டால் கணினி ஒரு தந்திரம் செய்கிறது. பாதி சாப்பிட்டவரை இலையோடு தூக்கித் தெருக்கோடித் திண்ணையில், அதாவது ஹார்ட் டிஸ்க்கில், உட்காரவைத்துவிட்டு இன்னொருவரைப் பந்தியில் அமர்த்துகிறது. ரசம் வந்ததும் பழையவரைத் தூக்கிவர வேண்டும். அதற்குள் வேறொருவரைத் திண்ணைக்கு அனுப்ப வேண்டும். ஆள் கூடக்கூடத் தூக்குகிற வேலையே ஓயாது, பரிமாறல் நின்றுவிடும். இந்நிலைக்கு 'த்ராஷிங்' என்று பெயர். இதன் காரணங்களையும் தடுப்பு முறையையும் 1968-லேயே பீட்டர் டென்னிங் ஆராய்ந்து எழுதினார்.

திண்ணை எவ்வளவு தூரம்? ரேமில் ஒன்றை எடுக்கச் சுமார் 100 நானோநொடி. சுழலும் டிஸ்க்கில் சுமார் 10 மில்லிநொடி. லட்சம் மடங்கு. பந்தியில் ஒரு கரண்டி ரசம் ஒரு நொடியில் விழுமானால், திண்ணைக்காரருக்கு அது வந்துசேர 27 மணி 46 நிமிடம் ஆகும். வட்டம் சுற்றுவது இதனால்தான்.

5. ஒப்பாய்வு

1969 ஜூலை 20-இல் நிலவில் இறங்கிய அப்பல்லோ 11 கலத்தின் கணினிக்கு, எழுதி அழிக்கும் நினைவகம் 2,048 சொல். சொல்லுக்கு 16 பிட்; ஆக 4 கேபி. குடும்பக் குழுவில் விடிந்ததும் வரும் ரோஜாப்பூக் காலை வணக்கம் இதைவிடப் பல மடங்கு பெரிது.

அந்தக் கணினியும் இறங்கும் நேரம் பார்த்துத் திணறியது. 1202 என்று அபாய எண் காட்டியது. தாய்க்கலத்தோடு திரும்பச் சேர்வதற்கான ரேடார், அப்போது வேண்டாத ஒன்று, நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. மென்பொருள் என்ன செய்தது? கணநேரத்தில் தன்னை மறுதொடக்கம் செய்து, இறங்குவதற்கு வேண்டிய வேலைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்டது. கலம் இறங்கியது. ரேம் பத்தவில்லை என்று யாரும் திரும்பி வரவில்லை.

6. முடிவுகள்

மேற்படி வெளிச்சத்தில் எம் கணினி மீண்டும் ஆராயப்பட்டது. பிரவுசரில் திறந்திருந்த டேப்கள் 31. ஒன்றில் வத்தக்குழம்பு செய்முறை. குழம்பு வைத்து, சாப்பிட்டு, சட்டி கழுவி மூன்று மாதமாகிறது. இன்னொன்றில் பொங்கலுக்கு ஊர் போக ரயில் நேரம். போய்த் திரும்பியும் வந்தாயிற்று. மூன்றாவதில் முதுகுவலிக்கு ஐந்து ஆசனங்கள்; முதுகு தானாகச் சரியாகிவிட்டது. சாப்பிட்டு முடித்தவர்கள் இலையை மடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பசித்தவர்கள் திண்ணைக்கும் பந்திக்கும் தூக்கப்படுகிறார்கள்.

எனவே கருதுகோள் மறுக்கப்படுகிறது. குற்றவாளி ரேம் அன்று. இக்கட்டுரை எழுதப்படும் டேப் நீங்கலாக மீதி 30-உம் மூடத்தக்கவை என்பது நிறுவப்பட்டது. அவற்றை மூடுதல் மேலாய்வுக்குரியது. இன்னொரு 4 ஜிபிக்குத் தெருமுனைத் தம்பியிடம் முன்பணம் கொடுத்தாயிற்று.