ஒளுவும் லாரித் தண்ணீரும்

கேள்வி: 2019-இல் ஏரிகள் வறண்டு தெருவெல்லாம் குடங்கள் வரிசை கட்டினவே, அப்போது பள்ளிவாசலில் ஐந்து வேளையும் கை கால் கழுவத் தண்ணீர் கட்டுப்படியானதா?
(வாசகர், மயிலாப்பூர்)

பதில்: மார்க்கம் கேட்பது கொஞ்சம்தான், கொட்டுவது குழாய். நபிகள் நாயகம் ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்ய ஒரு ‘முத்து’ தண்ணீர் போதுமாக இருந்தது. இரு கை சேர்த்து அள்ளும் அளவு, முக்கால் லிட்டர் கூடத் தேறாது. குளிப்புக்கே நாலைந்து முத்துதான்! முகம், கை, கால் எதையும் மூன்று தடவைக்கு மேல் கழுவக் கூடாது. நம்மவர்களோ குழாயைத் திறந்துவிட்டு, சட்டைக் கையை மடித்து, பக்கத்தில் இருப்பவரிடம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதற்குள் அரைக் குடம் காலி. 1795-இல் திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசல் எழுந்தபோது குழாய் ஏது? ஹவ்ளு என்னும் தண்ணீர்த் தொட்டியின் கரையில் உட்கார்ந்து அள்ளினார்கள். அள்ளக் கை வலிக்கும், சிக்கனம் தானே வரும். ஒரே தொட்டியில் பலர் கை விடலாமா என்றால், இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஷாஃபி சட்டப்படி சுமார் 200 லிட்டர் தேங்கியிருந்தால், கை பட்டதால் அந்தத் தண்ணீர் கெட்டுவிடாது.

தண்ணீரே இல்லையென்றால் தயம்மும்: சுத்தமான மண்ணில் கை தட்டி முகத்தையும் கைகளையும் தடவினால் போதும். தி.நகரில் தூசிக்குப் பஞ்சமில்லை. ‘சுத்தமான’ என்ற நிபந்தனைதான் இடிக்கும்.