மனமொத்த மாறுதல்

வாங்க வாத்தியாரே, இப்பிடித் திண்ணையில உக்காருங்க. போனைக் கவுத்தி வைங்க. மணி ஆறுதான் ஆகுது, அது ஆறரைக்குத்தான் அடிக்கும். எனக்குக் காதுதான் மந்தம், கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூணு மாசமா சனி ஞாயிறு ஊருக்கு வந்தா, ஆறரை ஆனதும் நீ கொல்லைப்பக்கம் போற. எந்த மனுசனுக்கும் வயிறு அம்புட்டு நேரந்தவறாம வேலை செய்யாதுடா பேராண்டி.

ஒங்க அப்பத்தா, “என்ன ஏதுன்னு நைசாக் கேளுங்க”ன்னா. எனக்கு நைசெல்லாம் வராது. நடந்ததை நானே சொல்றேன், தப்புன்னா திருத்து.

நீ கணக்கு வாத்தியார். வேலை கெடச்சது செங்கத்துப் பக்கம். தெக்கத்திப் பிள்ளைகளுக்கு வடக்கதான் காலி எடம் இருக்கும்ங்கிறது நம்ம சீமைக்கு எழுதின எழுத்து. அங்க ஒக்காந்து மல்லாங்கிணறு மல்லாங்கிணறுன்னு தவிச்ச. அசலூர்க்காரன் கேட்டாச் சிரிப்பான். அப்பிடி என்னடா இருக்கு இங்க? கரிசக்காடு, கண்மாய் நெறையச் சீமக்கருவேலம், கரிமூட்டப் பொகை. மழை பேஞ்சா மண்ணு காலை விடாது, பேயலேன்னா ஊரே நம்மள விட்டுரும்.

அதே நேரம் திருவண்ணாமலைப் பொண்ணு ஒருத்தி, அவளும் கணக்கு, திருச்சுழிப் பக்கம் பள்ளிக்கூடத்துல வந்து மாட்டிக்கிட்டு, உப்புத்தண்ணியில தலை குளிச்சு முடியெல்லாம் நார் நாராப் போயி, ஊரு ஊருன்னு அழுதுருக்கா. எவரோ ஒருத்தர் சேத்துவிட, ரெண்டு பேரும் மனுப் போட்டீக. ஒரே பதவி, ஒரே பாடம், ரெண்டு பக்கமும் சம்மதக் கையெழுத்து. நீ அவ எடத்துக்கு, அவ ஒன் எடத்துக்கு. சர்க்கார் அதுக்கு வச்சிருக்கிற பேரு ‘மனமொத்த மாறுதல்’. இந்தப் பேரை வச்சவன் வாயில சீனியைத்தான் போடணும். அவன் எடத்தை மாத்திக்கிறதுக்குத்தான் சொன்னான். நீங்க பேரைப் படிச்சிட்டு அதும்படியே நடந்துட்டீக. அதுலயும் ரெண்டு பேரும் கணக்கு. கணக்குப் பண்ணாம என்ன செய்வீக?

எங்க காலத்துல ஆளுக்கொரு காளையை மாத்திக்கிருவோம். தரகர் துண்டுக்குள்ள கையை விட்டு வெரலைப் புடிச்சு வெலை பேசுவாரு. பல்லைப் பாப்போம், சுழி பாப்போம், ஒரு சால் உழுதும் பாப்போம். அதோட சரி. காளையைப் பத்திக்கிட்டு வந்தப்புறம், குடுத்தவன் தெனம் ஆறரைக்குக் கூப்பிட்டு “தவிடு தின்னுச்சா?”ன்னு கேக்கமாட்டான்.

ஒங்க கதை தடம் மாறினது வீட்டாலதான். ரெண்டு வீட்டுக்காரருக்கும் அட்வான்சைத் திருப்பித் தர மனசில்ல. சரி, அவ கட்டினது ஒனக்கு, நீ கட்டினது அவளுக்குன்னு வீட்டையும் மாத்திக்கிட்டீக. ஆளை ஆள் பாக்கலை. அவ வடக்க போக நீ தெக்க வர, நடுவுல எங்கயோ ரெண்டு பஸ்ஸும் எதுத்தாப்ல போயிருக்கு. சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போயிட்டா. அப்பறம் ஆரம்பிச்சது போன். “மோட்டார் ஓடலையே?” “சுவிட்சுப் பெட்டிக்கு மேல வலப்பக்கம் ஒரு தட்டுத் தட்டுங்க சார்.” அங்கேருந்து அவ, “மழைக்கு சன்னல் வழியாத் தண்ணி வருதே?” “கீழ சாக்கை மடிச்சு வைங்க மேடம்.” சாரும் மேடமும் எம்புட்டு நாள் தாங்குச்சுன்னு நான் கேக்கல.

திருச்சுழியில திருமேனிநாதர் கோயிலுக்கு வந்த அன்னைக்கு ஒன் வீட்டுக்கும் வந்தேனா? கதவைச் சாத்தினா உள்பக்கம் சாக்பீஸ் கோடு. நாலு கோடு நட்டு, குறுக்க ஒண்ணு. அவ எழுதிவச்ச தண்ணிக்குடக் கணக்கு. நீ அதை அழிக்காம, அதுக்குக் கீழயே ஒன் கணக்கை எழுதிக்கிட்டு வர்ற. சரி, கணக்கு வாத்தியாருன்னு விட்டேன். கொல்லையில ஒரு கருவேப்பிலத் தொட்டி. அவ விட்டுட்டுப் போனது. அதுக்கு நீ ஊத்துன பாரு, வெலைக்கு வாங்குன நல்ல தண்ணி! நம்ம வம்சத்துல மாட்டுக்குக் கூட எவனும் நல்ல தண்ணி ஊத்துனதில்லடா. மொகம் கழுவக் கேட்டா எனக்கு உப்புத்தண்ணியத்தான் மோந்து குடுத்த. அன்னைக்கே எனக்கு வெளங்கிப்போச்சு.

பாக்காமக் காதலிக்கிறதை நான் கொறை சொல்லல. 1996ல ‘காதல் கோட்டை’ வந்தப்போ ஒங்க அப்பத்தாளைக் கூட்டிக்கிட்டு அருப்புக்கோட்டைக்குப் போனேன். அகத்தியன் எடுத்த படம், தேசிய விருதெல்லாம் வாங்குச்சு. அஜீத் செய்ப்பூர்ல, தேவயானி இங்க, கடுதாசியிலயே காதல். அந்தப் பிள்ளை ஸ்வெட்டர் பின்னி அனுப்பும். “நம்மூரு வெயிலுக்கு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நிக்கிறவனை எதுக்கு அடையாளம் தேடணும்? மயங்கி விழுந்து கெடக்கிறவன் எவனோ அவன்தான்”னா ஒங்க அப்பத்தா. நீ சொன்னியே ஒரு இங்கிலீசுப் படம், 2006ல வந்த ‘தி ஹாலிடே’. இங்கிலாந்துக்காரியும் அமெரிக்காக்காரியும் கிறிஸ்துமசுக்கு வீட்டை மாத்திக்கிட்டு, போன எடத்துல ஆளுக்கொரு மாப்பிள்ளையப் புடிப்பாளுகன்னு. நீங்க சிக்கனக்காரக. ரெண்டு வீட்டு மாத்துக்கும் சேத்து ஒரே கல்யாணம்.

எனக்குப் பயமெல்லாம் வேற. திருச்சுழிக்கும் திருவண்ணாமலைக்கும் பழைய கணக்கு ஒண்ணு இருக்கு. 1879ல திருச்சுழியில பொறந்த வேங்கடராமன் மதுரையில படிச்சிக்கிட்டு இருந்தாரு. 1895ல வீட்டுக்கு வந்த சொந்தக்காரரை எங்கேருந்து வர்றீகன்னு கேட்டதுக்கு, அருணாசலத்துலேருந்துன்னு சொன்னாரு. அம்புட்டுத்தான். பேரைக் கேட்டதுக்கே உள்ளுக்குள்ள உருகிப்போனாரு. மறுவருசம் ஆகஸ்ட் 29ந்தேதி, அண்ணனுக்குக் காலேஜ் பீஸ் கட்டக் குடுத்த 5 ரூபாயில 3 ரூபாயை எடுத்துக்கிட்டு, மிச்சம் 2 ரூபாயையும் ஒரு சீட்டையும் வச்சிட்டுக் கெளம்பிட்டாரு. செப்டம்பர் 1ந்தேதி அங்க. ரமண மகரிசின்னு ஒலகமே தேடி வந்துச்சு. 1950ல கண்ணை மூடற வரைக்கும் இந்தப் பக்கம் வரலையே! கூட்டிட்டு வரப்போன ஆத்தா அழகம்மாளே வெறுங்கையோட திரும்பி, பிற்பாடு 1916ல தானும் அங்கேயே போயிச் சேந்துட்டாக.

அந்த ஒசரத்துக்கு ஒன்னைய நான் ஒப்பிடல. அவரு மிச்சக் காசையாவது வச்சிட்டுப் போனாரு. அப்பத்தா அஞ்சறைப் பெட்டியில நீ எடுத்த 500 ரூபாய்க்கு இன்னும் மிச்சமும் வரல, சீட்டும் வரல. தடத்தைத்தான் சொல்றேன். அந்தப் பக்கம் போன மனசு இந்தப் பக்கம் திரும்புனதில்ல. ஒடம்பை மட்டும் மாறுதல் வாங்கிக் கொண்டாந்து என்னடா பிரயோசனம்?

ஒங்கப்பன் குதிப்பான். சாதி சனம்பான், சம்பிரதாயம்பான். அவனை எங்கிட்ட விடு. அவன் கல்யாணமே குண்டாமாத்து. நம்ம வீட்டுப் பொண்ணை அங்க குடுத்துட்டு, அங்கேருந்து ஒங்கம்மாவைக் கூட்டிட்டு வந்தோம். பொண்ணை மாத்துனா மொறை, வீட்டை மாத்துனாக் குத்தமான்னு ஒரு கேள்வி கேட்டா அடங்கிருவான். சாதகமும் வேணாம். நீ குடியிருந்த வீட்ல அவ இருக்கா. சட்டையை எத்தனை நாளைக்கு ஒருக்காத் தொவைச்ச, வாடகையை எந்தத் தேதியில குடுத்தன்னு வீட்டுக்காரம்மா அவகிட்டக் கொட்டியிருப்பா. அதுக்கப்புறமும் ஆறரைக்குப் பேசுறான்னா பத்துப் பொருத்தமும் பாத்தாச்சுன்னு அர்த்தம்.

ஆனா இந்தக் கணக்கை மட்டும் எனக்குப் போட்டுக் காட்டு. நீயும் அவளும் மறுபடி மனமொத்த மாறுதல் போட்டா என்ன ஆகும்? நீ அங்க போவ, அவ இங்க வந்துருவா. திரும்பியும் ஆளுக்கொரு பக்கம். இது எத்தனை தரம் போட்டாலும் தீராத கணக்கு. ஒருத்தர் எடத்தை விட்டுக் குடுத்தாத்தான் தீரும். கலந்தாய்வுல கணவன் மனைவிக்கு முன்னுரிமை உண்டுதான், ஆனா தாலி ஏறின பெறகுதான அதைக் கேக்க முடியும்? அந்த உப்புத்தண்ணிக்குத் திரும்பி வர்றியான்னு அவளை நீ கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. கருவேப்பில தளிர் விட்டுருச்சுன்னுதான் சொல்லியிருப்ப.

போன்ல கேக்கிற கேள்வி இல்ல இது. வர்ற வெள்ளிக்கெழம ராத்திரி பஸ்ஸுக்கு மூணு டிக்கெட் போடு. அப்பத்தாளும் வருவா, நேத்தே சீலை எடுத்து வச்சிட்டா. எனக்குச் சன்னலோர சீட்டு. அதுக்கு முந்தி அன்னைக்குப் பௌர்ணமியான்னு காலண்டரைப் பாத்துக்க. கிரிவலக் கூட்டத்துல பொண்ணு பாக்கப் போன எடத்துல என்னையத் தொலைச்சிட்டு நிக்காத.