நாற்பதில் ஒரு பங்கு

கோவையில் இன்று காலையில் வரைபடத்தைக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் இன்டெக்ஸ் பிளேட் கைக்கு வந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் ஓட்டுகிற வி.எம்.சி. மெஷினுக்கு 127 துளை ஒரு பெரிய வேலையே இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், கணபதியில் நான் வேலை பழகிய பட்டறையில், அதே 127 துளைக்கு நாங்கள் பட்ட பாட்டை இன்றைய பையன்கள் நம்ப மாட்டார்கள்.

கியர் பற்களைச் சமமாகப் பிரிக்க அங்கிருந்த டிவைடிங் ஹெட் ஏலத்தில் எடுத்தது. அதற்கு மூன்று பிளேட்டுகள் உண்டு. எங்களிடம் வந்தது முதல் பிளேட் மட்டும்: 15 முதல் 20 வரையிலான துளை வட்டங்கள். அவையும் தேய்ந்து, பின் உட்கார்ந்த இடத்தில் ஆடும். டிஃபரன்ஷியல் முறைக்கான கியர்களும் தொலைந்து போயிருந்தன. எங்களுக்கோ 127 பல் கியர் ஒன்று கட்டாயம் வேண்டும். லேத்தின் லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கு, வருகிற வேலையெல்லாம் மில்லிமீட்டர் மரை. மெட்ரிக் அளவைக்கு 1956-லேயே சட்டம் வந்துவிட்டது. பழைய லேத்துகள் எங்கே போகும்? 5 அங்குலம் என்பது சரியாக 127 மில்லிமீட்டர். அந்தக் கியர் நடுவில் வந்தால்தான் இரண்டு கணக்கும் சேரும்.

டிவைடிங் ஹெட்டில் வோர்மைத் திருப்பும் ஹேண்டிலை 40 சுற்று சுற்றினால் ஸ்பிண்டில் ஒரு சுற்று சுற்றும். ஆகவே ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சுற்றில் 127-ல் 40 பங்கு நகர்த்த வேண்டும். 127 பகா எண். பின்னம் சுருங்காது, 127 துளை வட்டம் இல்லாமல் நேர்வழி கிடையாது.

மேஸ்திரி எஃகு டேப்பை எடுத்தார். 127 செ.மீ. நீளத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஒரு பாகம்! பலகையில் ஒரு வட்டத் தட்டைக் கடையச் சொன்னார். விட்டம் ஏறக்குறைய 404 மி.மீ. டேப்பைச் சுற்றிப் பார்ப்பதும் மறுபடி கடைவதுமாக, பூஜ்யக் கோடும் 127-ஆம் கோடும் ஒன்றாய்ச் சேரும்வரை விடவில்லை. பிறகு ஹெட்டை நிமிர்த்தி, வோர்மை விலக்கி, ஸ்பிண்டிலில் அந்தத் தட்டையும் அதன்மேல் பிளேட்டையும் பூட்டினோம். ஒரு கோடு நகர்த்து, பூட்டு, சென்டர் டிரில், அப்புறம் இரண்டரை மில்லி டிரில். 75 மி.மீ. ஆரத்தில் துளைக்கும் துளைக்கும் நடுவே ஒரு மில்லிக்குச் சற்றே அதிகமான சுவர்தான் நிற்கும். டிரில் கொஞ்சம் ஓடினாலும் போச்சு.

"டேப்பை நம்பிப் போட்டா தப்பு வராதுங்களா?" என்று கேட்டேன்.

"வரட்டும் கண்ணு. பிளேட்டுல வர்ற தப்புல நாப்பதுல ஒரு பங்குதான் வேலைக்குப் போவும்."

இவ்வளவு தாராளமான கணக்கை வேறு எந்த மெஷினிலும் நான் பார்த்ததில்லை. துளை 0.2 மி.மீ. தள்ளியிருந்தால் அதே ஆரமுள்ள கியரில் அது 0.005 மி.மீ. மட்டுமே. இப்படிப் போட்ட 127 துளைப் பிளேட்டை ஹெட்டில் மாட்டி அதை வைத்தே இன்னொரு பிளேட் போட்டால், டேப்பின் பிழை ஏறக்குறைய கரைந்தே போகும். வோர்மின் சொந்தப் பிழை மட்டும் குறையாது. அதற்கு எந்தப் பிளேட்டும் மருந்தில்லை.

கியரை வெட்டும்போது இரண்டு விஷயங்களில் அவர் கண் அசையாது. செக்டர் கைகளை வைக்கையில் பின் நிற்கும் துளையை எண்ணக்கூடாது. 40 இடைவெளி என்றால் கைகளுக்குள் 41 துளை தெரிய வேண்டும். ஹேண்டிலை எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய்த்தான் திரும்ப வர வேண்டும்.

சமீபத்தில் வி.எம்.சி. கடையில் பிளேட் வரைபடத்தை நீட்டினேன். மெஷினில் நின்ற தம்பி புரட்டிப் பார்த்தான். "இது எதுக்குங்கண்ணா? கியர் டிராயிங்கே குடுங்க, ஃபோர்த் ஆக்சிஸ்ல போட்டு வெட்டிக் குடுத்தர்றேன்."

அவன் சொன்னது நியாயம்தான். பிளேட் செய்வது எளிதானபோது பிளேட்டின் தேவையே ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. ஆனால் பழைய மில்லிங் மெஷினை வைத்துப் பிழைக்கிற சின்னப் பட்டறைக்கு, உடைந்த ஒற்றைக் கியருக்காக ஒவ்வொரு தடவையும் வெளியே ஓடக் கட்டுப்படியாகாது. ஒரு பிளேட் போட்டால் ஆயுசுக்கும் வரும். வேலை பழகும் பிள்ளைக்கு 40-ஐப் பல் எண்ணால் வகுக்கிற கணக்கும் கையில் ஏறும்.

அதனால் 127-உடன் நிறுத்தவில்லை. 49 வரைக்குமான பழைய மூன்று பிளேட்டுகளுக்கும் எட்டாத 51, 53, 57, 59 வட்டங்களையும் அதே பிளேட்டில் சேர்த்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.